இடது பக்கத்துப் பை

சோபா உறை தைக்கும் கடையில் அவளைத் துண்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தொரு வருடமாக அதே கடை, ஜன்னலோரத்தில் அதே மிஷின். வெட்டியது போக மேசைக்கு அடியில் விழும் துணித் துண்டுகளைச் சாயங்காலம் ஒரு பையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். கேலிக்கு வைத்த பெயர்தான். நாளாக ஆகக் கேலி தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. வாடிக்கையாளர்களே "துண்டம்மா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள்.

அந்தத் துண்டுகளில் அவள் செய்தவை எல்லாம் எழுந்து நிற்கும் பொருள்கள். ஒட்டுத்துணியில் போர்வை தைப்பவர்கள் எத்தனையோ பேர் உண்டு. போர்வையை விரித்தால் அது படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். துண்டம்மாவுக்குப் படுத்துக்கிடக்கும் பொருளில் ஆர்வமில்லை. வெங்காயம் போட்டு வைக்க ஒரு கூடை, கத்தரிக்கோலுக்கு உறை, டீ ஆறாமல் இருக்க ஒரு மூடி, மூக்குக் கண்ணாடிக்கு இரவில் படுக்க ஒரு தொட்டில், காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்க ஒரு கனத்த ஆமை. ஆமையின் முதுகில் பதினேழு துண்டுகள், ஒவ்வொரு இணைப்பின் மேலும் ஒரு வரி பூவேலை. வயிற்றுக்குள் கடையில் கழித்துப்போட்ட இரும்புக் குமிழ்ப் பொத்தான்கள். மணல் போட்டால் தையல் வழியாகக் கசியும் என்பதால் பொத்தான். அவள் செய்தது எதுவானாலும் ஏதாவது ஒரு வேலை செய்தாக வேண்டும். சும்மா பார்க்க வைப்பதற்கென்று அவள் எதையும் தைத்ததில்லை.

செய்யும் விதம் எளிது. முதலில் பழைய செய்தித்தாளை வெட்டி மடித்து மேசைமேல் நிறுத்துவாள். அதைச் சுற்றி நடப்பாள். காகிதம் நிற்காத வடிவத்தில் துணியும் நிற்காது. பிறகு துண்டுகளை இணைத்து, இணைப்புகளின்மேல் பூவேலை செய்து, பின்னால் விறைப்பான கான்வாஸ் கொடுத்து, மூலைகளைக் கிள்ளித் தைத்துப் புரட்டுவாள். தட்டையாகக் கிடந்தது வயிறும் முதுகுமாகப் பிதுங்கிக்கொண்டு வரும் அந்த நிமிடம் அவளுக்குப் பிடிக்கும். யாரிடமும் சொன்னதில்லை. கேட்டிருந்தால், மூலை சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்லியிருப்பாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தவறு செய்தாள். நீளமான ஒரு துணியில் வரிசையாக வாத்துகளைப் பூவேலை செய்து, அதை நடுவில் மடித்து, இரண்டு ஓரமும் தைத்துக் கைப்பை ஆக்கினாள். ஒரு பக்கம் வாத்துகள் நீந்தின. மறுபக்கம் காலை மேலே தூக்கிக்கொண்டு செத்துக்கிடந்தன. தட்டையாக இருக்கும்போது எல்லா வாத்தும் நேராகத்தான் இருந்தன. மடித்தால் ஒரு பக்கம் கவிழும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. கடை மாஸ்டர் அந்தப் பையைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார். ஒன்பது வருடம் அங்கேயே தொங்கியது. அதற்குப் பிறகு ஊசியைத் தொடுவதற்கு முன்பே எது மேல், எது கீழ், எது முகம், எது முதுகு என்று சாக்குக் கட்டியால் அம்புக்குறி போட்டுவிடுவாள். தலைகீழ் வாத்து மறுபடி வரவே இல்லை. வேறு தவறு ஒன்று அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

கணவன் இறந்தபின் அவள் தன் அக்காவோடு இருந்தாள். தரைத்தளத்தில் இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் குளியலறை. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பஸ் டெப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று நோட்டில் எழுதி, டிரைவர்களை வார்த்தையாலேயே தோலுரித்து முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகும் வாய் ஓய்வு பெறவில்லை. தங்கை கடையிலிருந்து வரப் பத்து நிமிடம் ஆகிவிட்டால், "வண்டி லேட்டு" என்று வாசலிலிருந்தே குரல் வரும்.

ஓய்வு பெற்ற இரண்டாவது வருடம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போகவில்லை. இடது கையும் காலும் கொஞ்சம் பலம் குறைந்தன. முன்கால்களில் சக்கரம் வைத்த நான்கு கால் வாக்கரைப் பிடித்துக்கொண்டால் நடக்க முடிந்தது. பெரிய பாதிப்பு வேறு. அவளுடைய மூளை இடது பக்கத்தைக் கணக்கில் எடுப்பதை விட்டுவிட்டது. கண்ணில் கோளாறு இல்லை. ஆனால் தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்பாள். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியைச் சாப்பிடுவாள். தலையில் வலது பக்கம் மட்டும் வாரிக்கொள்வாள். இடது பக்கத்துக் கதவு நிலை அவளுக்கு இல்லவே இல்லை. அதனால் இடது முழங்கையில் எந்நேரமும் ஒரு நீலத்தடம் இருந்தது. இப்படி ஆனவர்களிடம் "இடது பக்கம் பார்" என்று கத்திப் பிரயோசனமில்லை. இடது என்று ஒன்று இருப்பதே அவர்களுக்கு ஞாபகம் வர வேண்டும்.

மூன்று மாதம் தங்கை கடைக்குப் போகாமல் கூடவே இருந்தாள். நான்காவது மாதம் போயாக வேண்டியிருந்தது. போகத் தொடங்கிய இரண்டாவது வாரம் அக்கா விழுந்தாள். ஒரு கையில் போனையும் தண்ணீர் பாட்டிலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வாக்கரைத் தள்ளிக்கொண்டு சமையலறையிலிருந்து வந்திருக்கிறாள். பதினொன்றேகாலுக்கு விழுந்தவள் ஐந்தே முக்காலுக்குத் தங்கை வரும்வரை தரையிலேயே கிடந்தாள். போன் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. எலும்பு முறியவில்லை. "ஆறரை மணி நேரம் லேட்டு" என்றாள், தூக்கி உட்கார வைத்ததும். அன்றைக்குத் துண்டம்மா அதற்குச் சிரிக்கவில்லை.

இருவருக்கும் இளையவன் ஒரு தம்பி. லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக். ஊரின் மறு கோடியில் குடும்பத்தோடு இருந்தான். விஷயம் தெரிந்ததும் அந்த வாரமே ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பார்த்து, அக்காவின் பெயரைப் பட்டியலில் எழுதிவிட்டு வந்தான். மாதக் கடைசியில் ஒரு படுக்கை காலியாகிறதாம். அவனைக் குறை சொல்ல முடியாது. ஒரே கயிற்றில் தொங்கும் லிஃப்டில் அவன் ஏறவே மாட்டான். இங்கே ஒரு கயிறுகூட இல்லை என்பது அவன் கட்சி.

அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த இல்லத்தில் ஒரு அறைக்கு நாலு பேர், நாலு பேருக்கும் ஒரு டிவி, எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள் என்று தம்பியே வாய் தவறிச் சொல்லிவிட்டான். விளக்கை எப்போது அணைப்பது என்று இன்னொருத்தர் தனக்கு நேரம் குறிப்பதா என்று அவள் கேட்டாள். பெரிய வாக்குவாதம். கடைசியில் மூன்று பேரும் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடுகளுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் ஒருவர் உண்டு. அவர் வந்து பார்த்து, பகலில் அக்கா தனியாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தால் இங்கே. இல்லையென்றால் அங்கே. சனிக்கிழமை போன் செய்தார்கள். நர்ஸ் அடுத்த வாரத்துக்கு அடுத்து வரும் வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார். பன்னிரண்டு நாள்.

என்ன பார்ப்பார் என்றும் நர்ஸ் போனிலேயே சொல்லியிருந்தார். மாத்திரை, தண்ணீர், போன், சாவி. இந்த நாலையும் இரண்டு கையும் வாக்கரில் இருக்கும்படியே அவரால் கொண்டுபோக முடியுமா? தேவைப்படும்போது யாரும் சொல்லாமல் எடுத்துக்கொள்ள முடியுமா?

வாக்கரில் மாட்ட ஒரு பை வேண்டும் என்பது துண்டம்மாவுக்கு உடனே புரிந்தது. கடையில் விற்கும் பைகளைப் போய்ப் பார்த்தாள். எல்லாம் ஆழமான சாக்கு மாதிரி ஒரே அறை. உள்ளே போட்டதைத் தேட வேண்டுமானால் குனிய வேண்டும். குனிந்தால் அக்கா கவிழ்ந்துவிடுவாள். அன்று சாயங்காலமே செய்தித்தாளை எடுத்தாள்.

மூன்று சாயங்காலத்தில் முதல் பை தயாரானது. அவள் செய்ததிலேயே அழகானது அதுதான். கருநீலத்திலும் கடுகு நிறத்திலுமாக இருபத்திரண்டு துண்டுகள். வாக்கரின் முன் கம்பியை அகல முழுக்க மறைக்கும்படி நாலு அறைகள், ஒவ்வொன்றும் பெட்டிபோல் அடிப்பாகம் வைத்து வாய் திறந்தே நிற்கும்படி. ஒவ்வொரு அறையின் முகப்பிலும் பூவேலையில் ஒரு படம்: ஒரு போன், ஒரு டம்ளர், ஒரு மாத்திரை, ஒரு சாவி. எல்லாம் நேராக நின்றன. வாத்து எதுவும் சாகவில்லை. செவ்வாய்க்கிழமை அதை வாக்கரில் மாட்டிவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள். கடையின் கண்ணாடி ஜன்னலில் வைத்தால் தெருவில் போகிறவர்கள் நிற்பார்கள்.

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து வாக்கரைப் பிடித்தாள். குனிந்து பார்த்தாள்.

"இதை யாருக்குடி தைச்சே? எதிர்ல வர்றவங்களுக்கா?"

துண்டம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. அழகாக இல்லையா என்று கேட்டாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியறது சாம்பல் கலர்ல ஒரு துணி. டெப்போவுல பஸ்ஸு கண்ணாடி துடைப்பாங்களே, அது மாதிரி."

துண்டம்மா சுற்றிக்கொண்டு வந்து, அக்காவைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, அக்காவின் நாற்காலியில் தானே உட்கார்ந்தாள். நாலு மாதத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அங்கிருந்து பார்த்தால் பையின் முதுகுதான் தெரிந்தது. கடையில் யார் கண்ணிலும் படாத இடத்துக்குப் போடும் மட்டமான உள்துணி. படங்கள் எல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. முப்பத்தொரு வருடமாக ஒரு பொருளின் முகம் என்பது வாடிக்கையாளர் நிற்கும் பக்கம். சோபா சுவரை ஒட்டிக் கிடக்கும், வாடிக்கையாளர் எதிரே நிற்பார். இங்கே வாடிக்கையாளர் பொருளுக்குப் பின்னால் நிற்கிறார். அம்புக்குறியெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தாள். யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைத்தான் பார்க்கவில்லை.

இன்னொன்றும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. போனும் தண்ணீரும் இடது பக்கத்து அறைகளில் இருந்தன. அக்காவின் உலகத்தில் அந்த இரண்டு அறைகளும் கிடையாது.

பையைப் பிரித்துவிட்டாள். தைத்ததைப் பிரிப்பது தைப்பதைவிட நேரம் பிடிக்கும் வேலை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, வெட்டிய நூலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். வலது பக்கம் விழுந்ததை மட்டும்.

இரண்டாவது பை எல்லா விதத்திலும் வேறாக இருந்தது. அழகு முழுவதும் அக்காவைப் பார்த்தது, வெளிப்பக்கம் சாம்பல். நாலு அறையும் நடுவிலிருந்து வலது பக்கமாக, படிக்கட்டு மாதிரி ஒன்றைவிட ஒன்று சற்று உயரமாக. படங்களை விட்டுவிட்டாள். நடக்கும்போது அக்காவின் கண் வழியில் இருக்க வேண்டும், பையில் இருக்கக் கூடாது. அதனால் கைக்குத் தெரியும்படி செய்தாள். போன் அறையின் வாயில் தடித்த நூலில் சங்கிலித் தையல். மாத்திரை அறையில் நெருக்கமாக முடிச்சுத் தையல், தடவினால் கடுகு கொட்டினாற்போல் இருக்கும். சாவிக்கு வழவழவென்று நிரப்புத் தையல். தண்ணீருக்கு ஒன்றும் இல்லை, வெறும் துணி. பாட்டிலே குளிர்ந்து சொல்லிவிடும். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும்படி அக்காவைப் பழக்கினாள். முதல் நாள் தண்ணீர் கேட்டால் சாவி வந்தது. "தாகமா இருக்கு, சாவியைக் குடி" என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்றாம் நாள் தவறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். அப்போதுதான் தண்ணீர் பாட்டிலை முழுக்க நிரப்பி, எல்லாவற்றையும் போட்டு, அக்காவை நடக்கவிட்டார்கள். வாக்கர் வலது பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. மேசைக்காலில் இடித்து நின்றது. நேராகத் திருப்பி விட்டார்கள். மறுபடி வலது பக்கம் போய் அலமாரியில் இடித்தது. இன்னும் நாலு நாள்தான் இருந்தது. துண்டம்மா பையைப் பார்த்தபடி நின்றாள். அறைகளை இடது பக்கம் தள்ளினால் அக்காவுக்குத் தெரியாது. வலது பக்கமே விட்டால் வண்டி சாயும்.

தம்பி அதுவரை கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றிருந்தான். இந்தப் பையால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று வரும்போதே சொல்லிவிட்டவன். ஆனால் அவன் மெக்கானிக். ஒரு பொருள் சாய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவனால் முடியவில்லை.

"எதிர்ப்பக்கம் எடை இல்லாம எந்த லிஃப்டும் ஓடாது, சின்னக்கா. இந்தப் பக்கம் ஆளுங்க ஏறினா அந்தப் பக்கம் இரும்பு இருக்கணும்."

"அந்தப் பக்கம் என்ன வச்சாலும் அவ எடுக்க மாட்டாடா."

"எடுக்க வேணாமே. தொங்கிக்கிட்டு இருந்தா போதும்."

சொன்ன பிறகுதான் தான் எந்தக் கட்சிக்கு உதவி செய்கிறோம் என்பது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

துண்டம்மா கதவு ஆமையைக் கவிழ்த்துப் போட்டு வயிற்றைக் கிழித்தாள். சமையலறைத் தராசில் ஒரு பக்கம் போன், பாட்டில், சாவி, மாத்திரைப் பெட்டி. மறுபக்கம் பொத்தான்கள். சரியாக வந்ததும் அவற்றை ஆமையின் தோலிலேயே போட்டுக் கட்டி, பஞ்சு திணித்து, தலையணை மாதிரி உப்பலாக ஒரு பை செய்தாள். வாய் கிடையாது, எல்லாப் பக்கமும் தைத்து மூடியது. வாக்கரின் இடது பக்கம், கம்பிக்கு வெளியே கொஞ்சம் பிதுங்கிக்கொண்டு நிற்கும்படி மாட்டினாள். வாக்கர் நேராக ஓடியது.

அக்கா அதைத் தொட்டுப் பார்க்க, அவள் கையைப் பிடித்துக் கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்தது. அமுக்கிப் பார்த்துவிட்டு உள்ளே என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை, சும்மா எடைக்கு என்றாள் தங்கை.

"திறக்க முடியாது. உள்ள இருந்து ஒண்ணும் எடுக்க முடியாது. ஆனா இது இல்லேன்னா குடும்பம் சாஞ்சுடும்." அக்கா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப இதுக்குத் தம்பின்னே பேர் வச்சிடு."

அன்று முதல் அந்தப் பைக்குப் பெயர் தம்பி.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் துண்டம்மா கடைக்கு அரை நாள்தான் போனாள். ஒத்திகை நடந்தது. பதினொரு மணிக்கு மாத்திரை என்பதில் சிக்கலே இல்லை. முப்பத்தாறு வருடம் நேரம் பார்த்தவளுக்கு மணியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிக்கல் குளியலறைக் கதவில்தான். இடது நிலை அவள் கண்ணுக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டு முறை இடித்தாள். புதன்கிழமை ஒரு முறை. துண்டம்மா நிலையில் சிவப்புத் துணி கட்டிப் பார்த்தாள். இல்லாத பக்கத்தில் சிவப்பு இருந்தால் என்ன, பச்சை இருந்தால் என்ன. அவிழ்த்துவிட்டாள். அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. இடிக்கும்போதெல்லாம் தம்பிப் பைதான் முதலில் நிலையில் பட்டு உள்ளே பொத்தான்கள் சலசலத்தன என்பதையும், அக்காவின் முழங்கையில் அந்த வாரம் புதிதாக நீலத்தடம் எதுவும் வரவில்லை என்பதையும் கவனிக்கும் நிலையில் அவள் இல்லை.

வியாழக்கிழமை பத்தரைக்கு நர்ஸ் வந்தார். நடுத்தர வயது, சத்தமில்லாத செருப்பு, கையில் ஒரு அட்டையில் செருகிய படிவம். தம்பியும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். நர்ஸ் அவனையும் துண்டம்மாவையும் சுவரோரம் நிற்கச் சொன்னார். யாரும் வாயைத் திறக்கக் கூடாது, கண்ணால் ஜாடை காட்டவும் கூடாது என்றார். பிறகு அக்காவோடு பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். டெப்போ, டிரைவர்கள், பழைய நேர அட்டவணை. வேண்டுமென்றே பேச்சை நீட்டுகிறார் என்பது துண்டம்மாவுக்குப் புரிந்தது. மணி பதினொன்றாவதை அக்கா கவனிக்கிறாளா என்று பார்க்கிறார்.

"சிஸ்டர், மீதிக் கதை அப்புறம்" என்றாள் அக்கா. "பதினொண்ணு ஆச்சு."

கை முடிச்சுகளைத் தடவிக்கொண்டு போய் மாத்திரையை எடுத்தது. வெறும் துணியிலிருந்து தண்ணீர். நர்ஸ் எழுதிக்கொண்டார். தன் போனிலிருந்து அக்காவின் போனுக்கு அழைத்தார். அக்கா சங்கிலியைத் தடவி எடுத்துப் பேசினாள். எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் போனில் நலம் விசாரித்துக்கொண்டார்கள். வாசல் கதவைப் பூட்டித் திறக்கச் சொன்னார். சாவி வந்தது. மறுபடியும் அதே அறைக்குள் போனது.

"இப்ப பாத்ரூம் வரைக்கும் போயிட்டு வாங்கம்மா."

அக்கா நடந்தாள். நர்ஸ் பின்னாலேயே போனார். துண்டம்மாவும் தம்பியும் குளியலறைக்குப் போகும் நடைவழியின் வலது சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். வாக்கர் நேராகத்தான் போனது. ஆனால் அக்கா கொஞ்சம் இடது பக்கமாகவே நடந்துகொண்டிருந்தாள். நிலை நெருங்கியது. சொல்லிவிடலாம் என்று துண்டம்மா வாயெடுத்தாள். தம்பி அவள் கையைப் பிடித்தான்.

தம்பிப் பை நிலையில் பட்டது. மெத்தென்று ஒரு சத்தம், அதோடு பொத்தான்களின் சலசலப்பு. அக்கா நின்றாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு தலையை மெதுவாக, யாரோ கூப்பிட்டதுபோல், இடது பக்கம் திருப்பினாள். திருப்பிக்கொண்டே போய் நிலையைப் பார்த்தாள்.

"தம்பி கூப்பிடறான்" என்றாள்.

வாக்கரைப் பின்னுக்கு இழுத்து, வலது பக்கமாக நகர்த்தி, நேராக உள்ளே போனாள்.

நர்ஸ் திரும்பி, வலது சுவரோரம் வாயைத் திறக்காமல் நின்றிருந்த தம்பியைப் பார்த்தார். நீங்கள் கூப்பிட்டீர்களா என்று கேட்டார். அவன் இல்லையென்று தலையாட்டினான். துண்டம்மாதான் விளக்க வேண்டியிருந்தது. பைக்கு வைத்த பெயர் என்று அவள் சொல்ல, எதற்காக அந்தப் பெயர் என்று நர்ஸ் கேட்க, குளியலறைக்குள்ளிருந்து அக்கா முழுக் காரணத்தையும் உரக்கச் சொன்னாள். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"எடை நான் சொன்னதுதான்" என்றான் கடைசியில். "பேரு அவங்களா வச்சது."

நர்ஸ் அந்தப் பையை அமுக்கிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், நிலையில் தானே இரண்டு முறை இடித்துப் பார்த்தார். பொத்தான் போட்டது சத்தத்துக்காகவா என்று கேட்டார். துண்டம்மா பொய் சொல்லவில்லை. எடைக்காகப் போட்டது, சத்தம் தானாக வந்தது என்றாள். நிலையில் பட வேண்டும் என்று வெளியே பிதுங்க விட்டதா? அதுவும் இல்லை, உள்பக்கம் இடமில்லை. நர்ஸ் சிரித்தபடி படிவத்தில் எழுதினார்.

எழுதியது இதுதான். பகலில் தனியாக இருக்கலாம். பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் யாராவது போன் செய்ய வேண்டும். அடுப்பைத் தொடக் கூடாது. மூன்று மாதம் கழித்து மறுபடி வந்து பார்ப்பேன். அக்கா படிவத்தை வாங்கி வலது பாதியைப் படித்தாள். தங்கை காகிதத்தைத் திருப்பிப் பிடித்ததும் மீதியைப் படித்தாள்.

பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டாயா என்று துண்டம்மா வாசலில் தம்பியைக் கேட்டாள். எடுக்கவில்லை, கடைசிக்குத் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன் என்றான். அதில் அவளுக்கும் மறுப்பில்லை. மூன்று மணி போனை அவன் எடுத்துக்கொண்டான். பதினொரு மணி அவளுடையது. அவன் ஒரு நாளும் தவறவில்லை. ஐந்து நிமிடம் பிந்தினால் என்ன கிடைக்கும் என்பது அவனுக்குத் தெரியும்.

கிளம்பும்போது நர்ஸ் துண்டம்மாவைத் தனியாக அழைத்து ஒரு விஷயம் சொன்னார். எல்லாவற்றையும் வலது பக்கமே வைத்துக் கொடுத்தால் இடது பக்கம் திரும்பி வராது. ஒரு அறையை மட்டும், அவர் அதிகம் எடுக்கும் பொருளின் அறையை, கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் நகர்த்த முடியுமா? பழகப் பழக. அவசரமில்லாமல்.

அதிகம் எடுப்பது போன். மாதம் ஒரு முறை, அக்கா குளிக்கும் நேரத்தில், துண்டம்மா போன் அறையைப் பிரித்து ஒரு விரல் அகலம் இடது பக்கமாகத் தள்ளித் தைத்தாள். தம்பிப் பையிலிருந்து அதற்கேற்ப நாலைந்து பொத்தான்களைக் கழித்தாள். பழைய தையலின் ஓட்டைகள் தெரியாமல் மேலே ஒரு இலையோ கொடியோ போட்டு மறைத்தாள். இப்படியே அந்தப் பையில் ஒரு கொடி வலமிருந்து இடமாகப் படர்ந்துகொண்டு வந்தது.

மூன்று மாதம் கழித்து நர்ஸ் வந்தபோது இன்னொருவருக்கும் ஒரு பை வேண்டும் என்றார். துண்டம்மா துணி நிறம் கேட்கவில்லை. எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்து நாற்காலி என்று கேட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை போய் அந்த மனிதரின் நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அவருக்கு வலது பக்கம் இல்லை. அப்படி இதுவரை பதினோரு பை ஆகியிருக்கிறது. இரண்டு ஒரே மாதிரி இல்லை.

ஏழாவது மாதம் போன் அறை நடுக்கோட்டைத் தாண்டியது. ஒரு நாள் பதினொரு மணிக்குத் துண்டம்மா கடையிலிருந்து அழைத்தாள். போன் ஆறு முறை அடித்த பிறகுதான் எடுத்தாள் அக்கா.

"என்னக்கா இவ்வளவு நேரம்?"

"போன் இருந்த இடத்துல இல்ல. தேடிக்கிட்டுப் போனேன்."

"எங்க இருந்துச்சு?"

"இடது பக்கம்" என்றாள் அக்கா. "மாசா மாசம் நகருது. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? அந்த இலை போன மாசம் இல்லை."

மறுமுனையில் பொத்தான்கள் ஒருமுறை சலசலத்தன. அக்கா போனை அதன் அறையில் வைக்கிறாள். போனை அணைக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது. துண்டம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். வாக்கரின் கால்கள் தரையில் படும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. குளியலறைப் பக்கம் போகிறாள். நிலையில் இடிக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டு மிஷினை மிதித்தாள்.